பெஞ்ச் வைஸ் கப்புச்சினோ

காபி மெஷினில் கைப்பிடியைப் பூட்டி, பொத்தானை அழுத்திவிட்டுப் பிரதாப் குனிந்து பார்த்தான். மெஷின் உறுமியது. கப்பில் ஒரு சொட்டும் விழவில்லை.

“வா சாமி, வா,” என்று கெஞ்சினான்.

அவன் மனைவி வீடு திரும்புவது அந்த ஒரு கப் காபியில்தான் இருந்தது.

பிரதாப்புக்கு ஓசூரில் தகட்டை அழுத்திக் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் வேலை. பெங்களூருக்கு டிரெயினிங் போன இடத்தில் கப்புச்சினோ குடித்துச் சொக்கிப்போனவன், போனஸ் வந்ததும் இந்த மெஷினை வாங்கி மூக்கண்டப்பள்ளி வீட்டில் வைத்தான். அதோடு நின்றிருக்கலாம். சுப்ரியா கொடுத்த ஃபில்டர் காபியைப் பார்த்து, “இதெல்லாம் ஒரு காபியா?” என்று கேட்டுவிட்டான்.

“என்னிக்கு உங்க மெஷின்ல மனுஷன் குடிக்கிற மாதிரி ஒரு காபி வருதோ, அன்னிக்கு வர்றேன்,” என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள் சுப்ரியா. அவளுடைய அம்மா வீடு மத்தூரில். போன் போட்டால் எடுக்கவில்லை. மாமியாருக்குப் போடும் தைரியம் இவனுக்கு இல்லை.

சொட்டு ஏன் விழவில்லை? உள்ளே என்னதான் நடக்கிறது? பிரஷர் இருக்கும்போது எதையும் திறக்காதே என்று கம்பெனியில் தினமும் பிறருக்குச் சொல்பவன், ஆவல் தாங்காமல் கைப்பிடியைத் திருகிவிட்டான்.

டப்!

சுவர், சட்டை, முருகன் படம் எல்லாவற்றிலும் காபிப்பொடி. கப்பிலும் கொஞ்சம் கலங்கலாகத் தெறித்து விழுந்திருந்தது.

“மன்னிச்சுக்கோ முருகா,” என்று முதலில் படத்தைத் துடைத்தான்.

“என்னப்பா, பாறைக்கு வெடி வெச்சியா?” பால் கேனோடு வாசலில் நின்றாள் நாகம்மா. பக்கத்துத் தெருவில் எருமை வைத்திருப்பவள்.

“காபி போட்டேன்க்கா.”

“இதுக்குப் பேரு காபியா! சரி, கொட்டிராத. மிச்சத்த இந்தச் சொம்புல ஊத்து. மாட்டுக்குத் தண்ணி காட்டணும், வீட்டுக்குப் போயி குடிக்கறேன்.”

சாயங்காலப் பாலோடு தீர்ப்பும் வந்தது.

“ஃபில்டர் பொடியப் போட்டியா? சிக்கரி இருந்தா ஊறி அடைச்சுக்கும்பா. வெறும் காபிக்கொட்டைய வாங்கி அரை.”

பிரதாப் வியந்துபோனான். எருமை வளர்ப்பவளுக்கு இந்தச் சூட்சுமம் எப்படித் தெரிந்தது?

கொட்டை வாங்கி மிக்ஸியில் அரைத்தான். இப்போது தண்ணீர் தடையே இல்லாமல் ஓடி, செம்மண் கரைசல்போல வந்தது. பொடியை நன்றாக அழுத்த வேண்டும் என்று புரிந்தது. அழுத்துவதுதானே அவன் தொழில்! வீட்டிலிருந்த பெஞ்ச் வைஸில், அந்த இரும்புப் பிடிப்பானில், வடிகட்டிக் கிண்ணத்தைப் பொருத்தி, பல்லைக் கடித்து முறுக்கினான். மெஷின் அலறி அடங்கியது. கிண்ணத்தைக் கவிழ்த்தபோது வில்லையாக விழுந்த பொடி, தரையில் டங்கென்றது.

“பர்கூர் கருங்கல்லே தோத்துது போ,” என்று அதைத் தட்டிப் பார்த்தாள் நாகம்மா. “கையால அமுத்துனா போதாதா? ஆமா, பாலு என்ன ஆச்சு?”

பால் ஆவிக்குழாயில் பொங்கி, மேடையைத் தாண்டித் தரைக்கு இறங்கிக்கொண்டிருந்தது. இருந்ததைச் சொம்பில் ஊற்றிக் கொடுத்தான். போனவள் கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தாள்.

“தீஞ்ச வாடை. பால ஃப்ரிட்ஜுல குளுர வெச்சு அப்புறம் ஆவி புடிக்கணுமாம். கை தாங்குற சூட்டோட நிறுத்திக்கணுமாம்.”

“யாருக்கா சொன்னாங்க?”

“போன்லதான் எல்லாம் வருதே!”

தன் காபியைக் குறை சொல்வதற்காக ஒருத்தி தெருத் தாண்டி நடக்கிறாளே என்று பிரதாப்புக்கு மனம் நெகிழ்ந்தது. சுப்ரியா தினமும் அதிகாலையில் எழுந்து டிகாக்‌ஷன் இறக்கியதை ஒருநாளாவது நல்லாயிருக்கு என்று சொன்னோமா என்றும் யோசித்தான். அன்று முதல் கடவுளுக்கு ஒரு கும்பிடு போட்டு, முதல் கப்பை நாகம்மாவின் சொம்பில் ஊற்றிய பிறகே தனக்கு எடுத்துக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலை. காபி தேன்போல மெல்ல இறங்கியது. பாலில் நுரை பஞ்சாக எழுந்தது. ஒரு வாய் குடித்தான். கண்ணை மூடிக்கொண்டான். பெங்களூரில் குடித்த அதே ருசி!

இன்னொன்று போட்டு, அவசரமாகச் சட்டையை மாட்டிக்கொண்டு, கப்போடு வாசலுக்கு ஓடினான். எதிரே நாகம்மா.

“அக்கா, வந்திருச்சு! மத்தூர் பஸ் எத்தன மணிக்கு? போறதுக்குள்ள நுரை அடங்கிருமே! அவகிட்ட மன்னிப்புக் கேட்டு, கையோட கூட்டியாந்துடறேன்!”

நாகம்மா கேனை இறக்கி வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்தாள்.

“மத்தூருக்கு எதுக்குப்பா? எங்க வீட்டுக்குக் கொண்டு போ. நான் எந்தக் காலத்துல காபி குடிச்சேன்? நீ சொம்புல ஊத்துனதையெல்லாம் மூக்கப் புடிச்சுக் குடிச்சுட்டு, கொற சொல்லி அனுப்புன மகராசி அங்கதான் உக்காந்திருக்கா!”