ஆமென் சொல்லாமல் நின்ற நேசபாய்

பாறையடி,
1935 மார்ச் 4
(கொல்லம் 1110 மாசி 20)

கண்டிச் சீமையில் தேயிலைத் தோட்டத்துப் பெரிய கிளார்க்காக விளங்கும் மகா கனம் பொருந்திய மூத்த மைத்துனர் ரசலையன் அத்தான் அவர்களுக்கு, தங்கள் தங்கை நேசபாயின் கணவனும், மிஷன் பள்ளியில் முப்பது வருடம் கணிதம் போதித்து ஓய்ந்தவனுமாகிய யேசுரத்தினம் மிகுந்த வணக்கத்துடன் எழுதிக்கொண்டது.

வழக்கமாக இந்த இடத்தில் "கர்த்தருடைய கிருபையால் நாங்கள் அனைவரும் சுகம்" என்று எழுதுவேன். கல்யாணமான நாள் முதல் தங்களுக்கு அப்படித்தான் எழுதி வந்திருக்கிறேன். இந்தத் தடவை எழுதவில்லை. ஏனென்றால் அந்த ஒரு வரிதான் தங்கள் தங்கையைக் கல்லறைத் தோட்டத்து வாசல்வரை நடத்திக்கொண்டு போனது. "எனக்க தங்கச்சி முகம் வீங்கிக் கிடக்காண்ணு ஊருலேருந்து வந்தவன் சொல்லுகான், நீரு சுகம் சுகம்ணு எழுதுகீரு, ஒமக்குக் கண்ணு உண்டுமா?" என்று போன கடிதத்தில் கேட்டிருந்தீர்கள். கண் உண்டு அத்தான். வாய்தான் சரியில்லை. நடந்ததை ஒளிவு மறைவில்லாமல் எழுதுகிறேன். கோபப்படுவதென்றால் கடைசிவரை வாசித்துவிட்டுக் கோபப்படவும்.

இரண்டு வருடத்துக்கு முன்பு நேசபாய்க்குக் குளிர ஆரம்பித்தது. சித்திரை மாதம், காக்கைகூட வாயைப் பிளந்துகொண்டு நிழல் தேடுகிற வெயில், இவள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பிறகு முகம் ஊதியது, முடி சீப்போடு வந்தது, நெல் அவிக்க உட்கார்ந்தவள் அப்படியே தூங்கினாள். பிரசங்கத்தின்போது தூங்கியதை மட்டும் நான் வியாதியில் சேர்க்கவில்லை. அது வியாதியென்றால் எங்கள் சபையில் போதகர் ஒருவரைத் தவிர எல்லாரையும் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். குரல்தான் எல்லாவற்றிலும் மோசமாகப் போயிற்று. சபையிலேயே உச்சக் குரலில் கீர்த்தனை பாடுகிறவள் வாயைத் திறந்தால், பெண்கள் பக்கத்தில் எந்த ஆண்பிள்ளை வந்து உட்கார்ந்திருக்கிறான் என்று எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பக்கத்து வீட்டு அன்னக்கிளி, முகம் வீங்கி நடை தளர்ந்ததைப் பார்த்து, கர்த்தர் கிழவி சாராளுக்குப் பிள்ளை கொடுத்த மாதிரி இவளுக்கும் நாற்பத்தாறு வயதில் கொடுத்துவிட்டார் என்று முடிவு கட்டி, ஒரு கடவப் பெட்டி நிறையப் புளிமாங்காய் கொண்டுவந்து இறக்கினாள். மாங்காய் முழுவதையும் நான் தின்றேன், வீணாக்கக் கூடாதல்லவா.

பாறையடி மிஷன் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். அங்கே ஜெபசீலன் என்று ஒரு வாலிப டாக்டர், நல்ல பிள்ளை, பெரியவர்களைக் கண்டால் எழுந்து நிற்பார். எங்கள் பக்கத்து வழக்கம் தங்களுக்குத் தெரியும். பெண்சாதியின் நோயைப் புருஷன்தான் டாக்டரிடம் சொல்ல வேண்டும், பெண்சாதி பின்னால் முக்காட்டோடு நிற்க வேண்டும். "எப்படி இருக்காவ?" என்று டாக்டர் கேட்டார். கேட்ட மாத்திரத்தில் என் வாய் என்னைக் கேளாமலே "கர்த்தருடைய கிருபையால் சுகம் ஐயா" என்றது. அவர் அதைச் சீட்டில் எழுதிக்கொண்டார். சுகம் என்றால் எதற்கு வந்தோம் என்று கேட்பார் அல்லவா? அதற்கு "கொஞ்சம் சோம்பல், கொஞ்சம் தூக்கம்" என்றேன். இரும்புச் சத்து மருந்து ஒரு குப்பி கொடுத்தார். ஆறு மாதம் குடித்தாள். பல் கறுத்தது, வேறொன்றும் நடக்கவில்லை.

அப்போதுதான் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு வெள்ளைக்கார டாக்டரம்மா பார்வையிட வந்தார். நேசபாயை முன்னால் வரச் சொல்லி, "எப்போதிருந்து குளிருகிறது?" என்று அவளிடமே தமிழில் கேட்டார். நான் பதில் சொன்னேன். "பசி எப்படி?" நான் சொன்னேன். மூன்றாவது கேள்வி கேட்பதற்கு முன் அந்த அம்மாள் காய்ச்சல் பார்க்கும் கண்ணாடிக் குழலை எடுத்து என் வாயில் வைத்துவிட்டார். எனக்குக் காய்ச்சல் இல்லை அத்தான். அதை எடுத்துச் சொல்லவும் வழியில்லை. குழல் என் வாயில் இருந்த நேரம் முழுவதும் தங்கள் தங்கை பேசினாள். நோய் வந்த பிறகு அவள் டாக்டரிடம் வாய் திறந்து பேசியது அன்றுதான் முதல் தடவை.

கழுத்தில் ஒரு சுரப்பி இருக்கிறதாம், அது வேலை நிறுத்தம் செய்துவிட்டதாம். ஆட்டின் கழுத்தில் இருக்கும் அதே சுரப்பியை உலர்த்திப் பொடித்த மாத்திரையைத் தினமும் விழுங்க வேண்டும் என்றார் டாக்டரம்மா. விழுங்கினாள். ஐந்தாவது வாரம் கம்பளி பெட்டிக்குள் போயிற்று. எட்டாவது வாரம் முகம் பழைய முகமானது. மூன்றாம் மாதம் ஞாயிற்றுக்கிழமை அவள் கீர்த்தனை எடுத்தபோது அல்லேலூயாவில் ஓட்டுக்குள் இருந்த புறா பறந்து போயிற்று. அன்று நான் அழுதேன், கண்ணில் தூசி என்று சபையாரிடம் சொன்னேன்.

அடுத்த வாரம் ஜெபசீலன் டாக்டர் வழியில் பார்த்து, "அம்மா எப்படி இருக்காவ?" என்றார். "கர்த்தருடைய கிருபையால் பூரண சுகம் ஐயா" என்றேன். "அப்பம் மாத்திரை போதும், நிறுத்திரலாம்" என்றார். "சரி ஐயா" என்றேன். இவ்வளவுதான் நடந்தது. இரண்டே வார்த்தை.

இரண்டு மாதத்தில் கம்பளி வெளியே வந்தது. "கேட்டேளா, டாக்டருகிட்ட மாத்திரை கேளுங்க" என்பாள். நான் போவேன். அவர் எழுந்து நிற்பார். "எப்படி இருக்காவ?" என்பார். பெரிய மனிதர் பிள்ளை, படித்தவர், அவர் முகத்தைப் பார்த்து "ஐயா, நீர் செய்தது தப்பு" என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை, "கிருபையால்..." என்று தொடங்கும், மீதியை அவரே முடித்துக்கொள்வார். நாலு தடவை போனேன், நாலு தடவையும் சீட்டில் சுகம் ஏறியது. ஐந்தாம் மாதம் ஒரு காலையில் கிணற்றடியில் விழுந்து கிடந்தாள். கையைத் தொட்டேன், பச்சைத் தண்ணீர் மாதிரி இருந்தது. பேர் சொல்லிக் கூப்பிட்டேன், கண்ணைத் திறக்கவே வெகுநேரம் ஆயிற்று. நான் பயந்துபோனேன் அத்தான். இவள் இல்லாத வீட்டை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டேன்.

எழுந்து உட்கார்ந்ததும் அவள் சொன்ன முதல் வார்த்தை, "வண்டியப் பிடியுங்க. இன்னைக்கு நான் பேசுகேன்."

ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் முன் காலை ஜெபம் உண்டு. உபதேசியம்மா செல்லபாய் ஜெபித்து முடித்து, "யாராவது சாட்சி சொல்ல உண்டுமா?" என்று கேட்பார். கர்த்தர் தனக்குச் செய்த நன்மையை எல்லார் முன்னாலும் எழுந்து சொல்லும் சாட்சியின் சட்டம் தங்களுக்குத் தெரியும். ஒருவர் சாட்சிக்கு எழுந்துவிட்டால் அவர் ஆமென் சொல்லும்வரை யாரும் குறுக்கே பேசக் கூடாது. பிஷப்பே வந்தாலும் தலையைக் குனிந்து நிற்க வேண்டியதுதான். நேசபாய் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். டாக்டர் தலை குனிந்தார்.

"கர்த்தருக்கு ஸ்தோத்திரம். நான் பாவிதான். ஆனா இன்னைக்குச் சொல்ல வாறது எனக்க பாவத்தப் பத்தி இல்ல, எனக்க கழுத்தப் பத்தி," என்று அந்தக் கட்டைக் குரலில் ஆரம்பித்தாள். "இந்த ஆஸ்பத்திரியில எனக்கு ஒரு மாத்திரை தந்தாவ. எனக்கு வேர்வை திரும்ப வந்துது. வேர்வை வந்ததுக்கு ஸ்தோத்திரம் சொன்னவ இந்த ஊருலயே நான் ஒருத்திதான். பொறவு மாத்திரைய நிறுத்தினாவ. இப்பம் கிணத்தடியில விழுந்துட்டு வாறேன்."

டாக்டர் தலையைத் தூக்கினார். "அம்மா, அத உள்ள வந்து..."

"ஐயா, சாட்சி நடக்குது," என்றார் செல்லபாய். டாக்டர் தலையைக் குனிந்துகொண்டார்.

"உள்ள வந்தா இவரு பேசுவாரு ஐயா. இங்கதான் என்னைய யாரும் தடுக்க முடியாது. சுகம்ணு சொன்னது இவரு, எழுதினது நீங்க. ரெண்டு பேரும் என்னைய ஒரு வார்த்தை கேக்கல்ல. தீனம் எனக்கு, சுகம் இவருக்கா?"

நாற்பது பேர் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் பாட்டுப் புத்தகத்தில் ஒரு பாட்டை மும்முரமாகத் தேடினேன்.

"அது நெஞ்ச வேகமா ஓட வைக்கிற மருந்தும்மா," என்றார் டாக்டர், தலையைக் குனிந்தபடியே. "கூடிப்போனா ஆபத்து."

"ஓடினா ஓடுதுண்ணு நானே வந்து சொல்லுகேன். எனக்க நெஞ்சு எனக்குத் தெரியாதா? இப்பம் அது ஓடல்ல ஐயா, நடக்கவே மடிக்குது."

"சரி, பார்ப்போம். ஆமென் சொல்லுங்கம்மா, எல்லாரும் காத்திருக்காவ."

"மாத்திரை வரட்டும் ஐயா. ஆமென் பொறவு வரும்."

வயிற்றுவலிக்கு வந்திருந்த சிலுவை என்ற மீன்காரர் பொறுக்க முடியாமல், "ஐயா, அந்த அம்மைக்குக் குடுத்து விடும். எனக்க கொடலு பிடுங்குது!" என்று கத்திவிட்டார். அதுவும் சாட்சியில்தான் சேர்ந்தது.

டாக்டர் உள்ளே போய்ச் சீட்டுக்கட்டை எடுத்து வந்தார். என் சுகங்களை ஒவ்வொன்றாகத் தள்ளி, அடியில் டாக்டரம்மா இங்கிலீஷில் எழுதியிருந்ததைக் கண்டார். முகம் மாறிவிட்டது. மனிதர் நல்லவர் அத்தான், ஒளிக்கவில்லை. எல்லாருக்கும் கேட்க உரக்கவே தமிழில் சொன்னார்: "ஆயுசு முழுக்கக் கொடுக்கணும், நிறுத்தக் கூடாது. நோயாளியிடமே கேட்கணும். இப்படி எழுதியிருக்கு. நான் பார்க்காம விட்டது என் தப்பு." மாத்திரைக் குப்பி கைக்கு வந்தது. நேசபாய் மூடியைத் திறந்து, உள்ளே மாத்திரைதான் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, "ஆமென்" என்றாள். நாற்பது பேர் சொன்ன ஆமெனில் கூரை அதிர்ந்தது.

அது நடந்து மூன்று மாதம் ஆகிறது. முகம் வடிந்தது, முடி முளைக்கிறது. போன ஞாயிறு அறுப்புப் பண்டிகையில் அவள் பாடியதைக் கேட்டுவிட்டு, சுசீந்திரம் பஸ்ஸுக்கு நின்றவர்கள் பஸ்ஸை விட்டுவிட்டு எங்கள் சபைக் கோயில் வாசலில் நின்றார்கள். மாதம் ஒருமுறை டாக்டர் அவளை உட்காரவைத்து நாடி பார்த்து, அவளிடமே கேட்கிறார். போன மாதம் நெஞ்சு கொஞ்சம் படபடக்கிறது என்று அவளே சொல்லி, அரை மாத்திரை குறைத்து வாங்கி வந்தாள். ஊர்ப் பெண்கள் எல்லாம் இப்போது சாட்சிக்கு எழுந்துவிடுகிறார்கள். மூட்டுவலி, பேறுகாலம், பிள்ளைக்கு வயிற்றோட்டம் எல்லாம் ஸ்தோத்திரத்தில் தொடங்குகிறது. மத்தியானம்வரை டாக்டர் குனிந்த தலையை நிமிர்த்த முடியாமல், கழுத்துவலி என்று தைலம் தேய்த்துக்கொள்கிறார்.

ஆகவே தாங்கள் கப்பல் ஏறி வந்து என்னைத் திட்டும் சிரமம் வேண்டாம். இந்த வீட்டில் நான் ஒரு தீர்மானம் செய்துவிட்டேன்: இனி அவரவர் நோயை அவரவர் வாயால்தான் டாக்டரிடம் சொல்ல வேண்டும், ஒருவருக்காக மற்றவர் ஒரு சொல்லும் பேசக் கூடாது. நேசபாயும் தலையை ஆட்டினாள். தங்களையும் தங்கள் மனைவி மக்களையும் கர்த்தர் தம் சிறகின் கீழ் காத்து, தோட்டத்து அட்டைகளிடமிருந்தும் விலக்கி ரட்சிப்பாராக.

இப்படிக்கு,
தங்கள் தங்கையின் புருஷன் என்பதில் பெருமை கொள்ளும்
யேசுரத்தினம்

பின்குறிப்பு: இதை ஒட்டுவதற்கு முன் இன்று காலை ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தோம். சும்மா துணைக்குத்தான் போனேன். காலை ஜெபம் முடிந்து எல்லாரும் சாட்சிக்குக் கூடியிருந்தோம். "சாருக்கு எப்படி இருக்கு?" என்று டாக்டர் என்னைக் கேட்டார். தீர்மானப்படி நானே பதில் சொல்ல வாயைத் திறந்தேன், "கர்த்தருடைய கிருபையால்..." என்று வந்தது. அதற்குள் நேசபாய் எழுந்துவிட்டாள். "கர்த்தருக்கு ஸ்தோத்திரம். இவருக்கு மூணு வருசமா மூலம். உக்கார முடியாம நின்னுக்கிட்டே பேப்பரு படிக்காரு. கேட்டா சுகம்ணு சொல்லுகாரு" என்று தொடங்கி, இடம், நிறம், ரத்தம், நான் ஒளித்துவைத்து உட்காரும் பஞ்சுத் தலையணை வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னாள். நான் தடுக்கப் போனேன். "சார், சாட்சி நடக்குது," என்றார் டாக்டர். நாற்பது பேர் தலை குனிந்து கேட்டார்கள். அவள் சொன்னதில் ஒரு வார்த்தை பொய்யில்லை அத்தான். வியாழக்கிழமை அறுக்கிறார்கள். ஜெபித்துக்கொள்ளவும்.