தலைக்கயிறு

பொம்மைக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லி ஆட்டத்தையே நிறுத்திய ஆள் உலகத்தில் ஒருத்தர்தான் இருக்க முடியும். அவர் எங்கள் வீதி நாடகக் குழுவில் இருந்தார்.

எங்கள் பொம்மை பதினெட்டு அடி உயரப் பெண். மூங்கில் உடம்பு, பழைய புடவைகள். டிராக்டர் டிரெய்லரில் நட்ட இரும்புக் கம்பத்திலிருந்து தொங்குவாள். கை கால் கயிறுகளை நாலு பேர் இழுப்பார்கள். எல்லாவற்றையும்விட பாரமான தலைக்கயிறு அவரிடம். அதுவே அவருக்குப் பெயராகிவிட்டது. திருட்டுத்தனமாகச் செம்மரம் வெட்ட ஆள் பிடிக்கும் புரோக்கராக நான் நடிப்பேன். 'அவனை நம்பி ஆந்திராப் பக்கம் போகாதீங்க' என்று ஜவ்வாது மலை ஊர்களில் சொல்வதுதான் நாடகம்.

ஒரு மழை நாளில் ஊர்த் தலைவர் மாலையோடு காத்திருந்தார். தலைக்கயிறு கையை விரித்துவிட்டார்.

"அவளுக்கு சளி புடிச்சிக்கிச்சிங்க. காஞ்சாதான் வருவா."

"பொம்மைக்கு இன்னாய்யா சளி?"

"நீங்க நனைஞ்சிட்டு அவ்ளோ ஒசரத்துல தொங்கிப் பாருங்க, தெரியும்."

இன்னொரு நாள் செக்போஸ்டில் பாரஸ்ட் கார்டு, "டிரெய்லர்ல இன்னா?" என்றார்.

"ஒரு பொம்பளைங்க. படுத்துக்கினு வர்றா" என்றார் தலைக்கயிறு.

தார்ப்பாயைத் தூக்கிய கார்டு, சாப்பாட்டுத் தட்டு அளவுக் கண்களைப் பார்த்து சல்யூட் அடித்துவிட்டார்.

காவலூர் தாண்டி ஒரு ஊரில், சாயங்காலம் நாலு மணி ஆட்டம். நான் புரோக்கராக வந்து நின்றதும் கூட்டத்திலிருந்து ஒரு பெண் எழுந்து, நேராகப் பொம்மைக்குக் கீழே போய் நின்றாள்.

"எங்க வூட்டுக்காரரு மரம் வெட்டப் போயி மூணு மாசம் ஆவுது. ஒரு போன்கூட இல்ல. எப்பம்மா வருவாரு?"

நாடகத்தில் இது இல்லை. கயிற்றுக்காரர்கள் விழித்தார்கள். தலைக்கயிறு மட்டும் மெதுவாகக் கயிற்றை விட்டார். பொம்மை குனிந்தது. அந்தப் பெரிய முகம் அவள் முகத்துக்கு நேரே வந்து நின்றது.

அப்போதுதான் சூறைக்காற்று வந்தது. கம்பம் வளைந்தது. நாலு பேரும் கயிற்றை விட்டுவிட்டு ஓடினார்கள். தலைக்கயிறு கயிற்றை உள்ளங்கையில் சுற்றிக்கொண்டு, டிரெய்லர் சக்கரத்தில் காலை முட்டுக்கொடுத்துச் சாய்ந்துவிட்டார்.

"டேய் புரோக்கரு! அந்தப் பொண்ண இழுடா!"

இழுத்தேன். அவள் நின்ற இடத்தில் பொம்மை விழுந்து நொறுங்கியது. கயிறு இறுக்கி அறுத்ததில் அவர் வலது கையில் இரண்டு விரல்கள் போய்விட்டன. அந்தப் பெண்தான் முந்தானையைக் கிழித்து அந்தக் கையைக் கட்டினாள்.

திருப்பத்தூர் ஆஸ்பத்திரியில் டாக்டர், "எதுல மாட்டுச்சு?" என்றார்.

"தலைக்கயித்துல சார்" என்றேன்.

டாக்டர் பதறிப்போய் அவர் தலையைத் தடவிப் பார்த்தார். அத்தனை வலியிலும் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அந்தப் பெண்ணின் புருஷன் இன்றுவரை வரவில்லை.

புதிய பொம்மை கட்டினோம். அவரால் இனி இழுக்க முடியாது. கயிறு என் கைக்கு வந்தது. அவர் கீழே நின்றுகொண்டு, "கழுத்தா அது, இன்னா கெணத்து ராட்டினமா? மெதுவா விடுடா!" என்று கத்துவார்.

எனக்கு இப்போது நன்றாகவே இழுக்க வருகிறது. அவர் முகம் வாடிக் கிடக்கிற நாட்களில் மட்டும் கொஞ்சம் தப்பாக இழுப்பேன்.