தபால்காரரின் தொண்ணூற்றாறு நாற்றுகள்

பாதி விதை முளைக்காது என்று தபால்காரர் உறுதியாக நம்பினார். அந்த நம்பிக்கையில்தான் உறையோடு கவிழ்த்து மொத்தத்தையும் விதைத்தார். ஒன்று விடாமல் முளைத்துத் தொலைத்தது.

எல்லாம் பழைய ரகங்கள். ஒன்பது வருடமாக அவரே பழத்திலிருந்து விதையெடுத்து, உலர்த்தி, கடித உறையில் போட்டுக் காப்பாற்றி வருபவை. வரித் தக்காளி, மூக்கு வளைந்த மிளகாய், எல்லாவற்றுக்கும் மேலாக அவருடைய செல்லமான கறுப்புத் தக்காளி. ஆக மொத்தம் தொண்ணூற்றாறு நாற்றுகள். பால்கனியை நிரப்பி, ஜன்னலை அடைத்து, இப்போது குளியலறைக்கும் குடிவந்துவிட்டன.

"என்னங்க, குளிக்கப் போனா மிளகாச் செடி என்னையே பாக்குது."

"செடிக்கு ஏதும்மா கண்ணு?"

"எனக்கு இருக்குல்ல. ஞாயித்துக்கிழமை மத்தியானத்துக்குள்ள எல்லாத்தையும் வித்துடுங்க. ஒண்ணு மிஞ்சினாலும் குப்பையில கொட்டிடுவேன்."

"கறுப்புத் தக்காளி மட்டும் ஒண்ணே ஒண்ணு..."

"எல்லாத்தையும்னா எல்லாத்தையும்தான்."

சொன்னால் செய்கிறவள் அவர் மனைவி.

ஞாயிறு காலை வாசலில் மேசை போட்டு நாற்றுகளை அடுக்கினார். ஆட்களும் வந்தார்கள். ஆனால் இவரோ இருபது வருடமாக வீடு வீடாகக் கடிதம் கொடுக்கிறவர். எந்த வீட்டில் வெயில் விழும், எந்த வீட்டுத் தொட்டியில் எது செத்தது என்பதெல்லாம் அத்துப்படி.

சலூன்காரர் ஒரு தக்காளி நாற்றுக்குக் கையை நீட்டினார்.

"உங்க பால்கனியில வெயிலே விழாதே?"

"விழுற அளவுக்கு விழட்டும், குடுங்க."

"வேணாம், பாவம்." பாவம் என்றது செடியை.

பல் டாக்டரம்மா மிளகாய் கேட்டார். "போன வருஷம் உங்க வீட்டு ரோஜா என்னாச்சு?" என்று கேட்டார் இவர். டாக்டரம்மா முறைத்துவிட்டுப் போய்விட்டார். மத்தியானம் நெருங்கியபோது தொண்ணூற்றாறும் மேசையில் அப்படியே இருந்தன. தபால்காரருக்கு உள்ளூரச் சந்தோஷம், கூடவே உதறல்.

அப்போதுதான் அந்த யோசனை உதித்தது. தெருமுனைத் தையல்காரர் நெருங்கிய சிநேகிதர். அவர் கடைக்குப் பின்னால் நல்ல வெயில் விழும் இடம் உண்டு. சைக்கிளில் ஆறு நடை அடித்து எல்லாவற்றையும் அங்கே சேர்த்தார்.

"அண்ணே, அண்ணிக்குத் தெரிஞ்சா?"

"நீ வாயைத் திறக்காம இரு, போதும்."

வீட்டுக்கு வந்து, ஒளித்து வைத்திருந்த கைக்காசை எடுத்து மனைவியிடம் நீட்டினார். "எல்லாம் வித்துப்போச்சு!"

"கறுப்புத் தக்காளியுமா?"

"அதுவுந்தான்." குரல் தழுதழுத்தது. அந்த நடிப்பு அவருக்கே பிடித்திருந்தது.

"மனசைத் தேத்திக்கோங்க," என்றாள் மனைவி. அவ்வளவு அன்பாகச் சொன்னபோதே மனுஷர் உஷாராகியிருக்க வேண்டும். ஆகவில்லை.

மறுநாள் மாலை தண்ணீர் ஊற்றப் போனவருக்குத் தெருமுனையிலேயே கால் நின்றுவிட்டது. தையல்கடை வாசலில் வரிசை. சலூன்காரர் இரண்டு தக்காளி நாற்றோடு போய்க்கொண்டிருந்தார். பல் டாக்டரம்மா நாலு மிளகாயை அணைத்துப் பிடித்திருந்தார். நாற்றுகளுக்குப் பின்னால், தையல்காரரின் ஸ்டூலில், மனைவி. பஸ் நிலையத்தில் டிக்கெட் கவுன்ட்டரில் உட்கார்ந்து பழகியவள் அல்லவா, வரிசை பறந்தது.

தையல்காரர் ஓடிவந்தார். "அண்ணே, நான் வாயே திறக்கல. அண்ணி தைக்கக் குடுத்தத வாங்க வந்தாங்க. போட்டுப் பாக்க உள்ள போனாங்க. பின்கதவு திறந்திருந்துச்சு."

"ஏதாவது கேட்டாளா?"

"ஸ்டூல் கேட்டாங்க."

போய்ச் சண்டை போடலாம். ஆனால் எந்த வாயால்? எல்லாம் விற்றுவிட்டதென்று நேற்றுத்தானே சொன்னார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே கறுப்புத் தக்காளியில் ஒன்றே ஒன்றுதான் மிச்சம் என்றாகிவிட்டது. கைவசம் வேறு விதை இல்லை. அதுவும் போனால் ஒன்பது வருடமும் போச்சு. தபால்காரர் ஓசைப்படாமல் வரிசையில் போய் நின்றார். அவருக்குப் பின்னால் பால்காரர் வந்து நின்றார்.

முறை வந்தது.

"ஒரு கறுப்புத் தக்காளி," என்றார், செருப்பைப் பார்த்துக்கொண்டே.

மனைவி முன்பின் தெரியாதவரைப் பார்ப்பதுபோல ஏறிட்டாள். "செடிய எங்க வைப்பீங்க?"

"வீட்ல... பால்கனியில."

"வீட்டுக்காரம்மா சரின்னு சொல்லிட்டாங்களா?"

"இனிமேத்தான் கேக்கணும்."

"கேட்டுட்டு வாங்க," என்றவள், அவர் தோளுக்கு மேலாகப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "அடுத்தவங்க வாங்க!"