வெல்டிங் வண்டிக்கு அம்மா கேட்ட சந்தேகங்கள்

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கறிக்குழம்புச் சோற்றைப் பிசைந்துகொண்டே அப்பா ஒரு சபதம் எடுத்தார்.

"இன்னியிலிருந்து அந்த வெல்டிங் மிசினை நான் தூக்க மாட்டேன். உருட்டறதுதான்."

எங்கள் அப்பா பூபதி, நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டுகிற பட்டறையில் மேஸ்திரி. எலும்புக்கூடு மாதிரி வந்து நிற்கிற வண்டிக்கு கேபின், கேரியர், நெற்றிப் பலகை எல்லாம் வைத்து, கல்யாணப் பெண் மாதிரி அனுப்பிவைப்பார். அவர் பேசினால் காலி டிரம்மைப் படிக்கட்டில் உருட்டிவிட்ட மாதிரி இருக்கும்.

நான் தர்ஷன். பிளஸ் ஒன். போன வருசம் எனக்குக் குரல் உடைந்தது. உடைந்த இடத்தில் அப்பாவின் குரல் வந்து உட்கார்ந்துகொண்டது. எதிர்வீட்டுக் காளியப்பன் மாமாவின் இருமல், கெமிஸ்ட்ரி மிஸ்ஸின் மூக்கு, டவுன் பஸ்ஸின் பிரேக் எல்லாம் ஏற்கெனவே கைவசம் உண்டு. அப்பா குரலில் "தர்ஷனுக்குக் காய்ச்சலுங்க சார்" என்று பள்ளிக்கூடத்துக்கு போன் செய்து மாட்டிக்கொண்டது ஒரே ஒருமுறைதான். அதுவும் அந்த நேரம் பார்த்து அப்பா ஹெட்மாஸ்டருக்கு எதிரிலேயே உட்கார்ந்திருந்ததால்.

கார் இல்லாத எங்கள் கார் ஷெட்டை அப்பா சொந்தப் பட்டறை ஆக்கியிருந்தார். சாயங்காலம் வீட்டில் கேட், கிரில் ஆர்டர். மிசின் ஷெட்டில், வேலை வாசலில். தூக்கித் தூக்கி இடுப்பு பிடித்துக்கொண்டது.

"கரெக்டா ஒரு சிலிண்டர் கனம் இருக்குது புள்ள," என்றார் அம்மாவிடம். "அதுக்குன்னே ஒரு வண்டி கட்டப்போறேன். சும்மா தொட்டாப் போவோணும்."

அம்மா ரசம் ஊற்றினாள். வண்டி என்ற சொல்லில் ஒரு பழைய வழக்கு இருந்தது.

அம்மா சித்ரா பிறந்தது சேலம் சூரமங்கலத்தில். தட்டுவடை செட் சாப்பிட்டு வளர்ந்த உடம்பு. ரெண்டு தட்டுவடை, நடுவில் துருவின கேரட், பீட்ரூட், வெங்காயம், ஒரு பக்கம் சிவப்புச் சட்னி, ஒரு பக்கம் பச்சைச் சட்னி. எங்கள் பக்கத்தில் அதை ஒழுங்காகப் போட ஆளில்லை என்பது கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அம்மாவுக்கு இருக்கிற வருத்தம். போன மாதம் வாய் விட்டே கேட்டுவிட்டாள். பஸ் ஸ்டாப் பிள்ளையார் கோயில் பக்கத்தில் சாயங்காலக் கடை போட்டுக்கட்டுமா என்று.

அப்பா குதித்தார். "மேஸ்திரி பொண்டாட்டி ரோட்டுல நின்னு தட்டுவடை விக்கறதா? டிரைவரெல்லாம் என்னை என்ன நெனைப்பான்?"

அம்மாவின் முகம் சுண்டிப்போனது. அதைப் பார்க்கிற தைரியம் அப்பாவுக்குக் கிடையாது. வழுக்கினார்.

"செரி, கடைக்கு மொதல்ல வண்டி வேணுமல்லொ. வண்டி இருந்தாப் போட்டுக்க. நானா வேண்டாங்கறேன்?"

"சொல்லிப்போட்டீங்க."

"சொன்னாச் சொன்னதுதான். மேஸ்திரி வாக்கு."

வண்டி என்ன வானத்திலிருந்தா விழும் என்கிற நம்பிக்கை அப்பாவுக்கு.

இப்போது வெல்டிங் வண்டி ஆரம்பமானது. மிசினுக்குக் கோணிச் சாக்கைப் போர்த்தி ஷெட்டு மூலையில் வைத்தாகிவிட்டது. வண்டி வேலைக்குப் பட்டறையிலிருந்து இன்னொரு மிசின் இரவல் வந்தது. அதை நான்தான் தூக்கினேன். சபதம் அப்பாவுக்கு மட்டும்தானாம்.

முதல் நாளே அம்மா காபியோடு ஷெட்டுக்கு வந்தாள். "ஏனுங்க, ஒரு சந்தேகமுங்க."

அப்பா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். அவர் தொழிலைப் பற்றி இந்த வீட்டில் யாரும் சந்தேகம் கேட்டதே இல்லை.

"மிசினு மேல மழை பேஞ்சா கரண்டு அடிக்காதுங்களா?"

"அடிக்கும்."

"அப்ப மேல ஒரு கூரை?"

அப்பா என் பக்கம் திரும்பினார். "பாத்துக்கடா. இதுதான் மூளைங்கறது."

கூரை ஏறியது. மறுநாள் அடுத்த காபி.

"நட்டு, போல்ட்டு, ஆணியெல்லாம் ஒண்ணாக் கெடந்தாத் தேடோணுமல்லங்க?"

"டப்பா வெச்சரலாம்."

"துருப் புடிச்சுக்குமுங்களே."

"எவர்சில்வர்ல வெச்சரலாம்."

"மூடி?"

"மூடியும் வெச்சரலாம் புள்ள."

ஆறு எவர்சில்வர் டப்பாக்கள் வரிசையாக உட்கார்ந்தன. ஆணிக்கு அவ்வளவு மரியாதை நான் எங்கும் பார்த்ததில்லை.

"இரும்பு வெட்டறதுக்கு கேஸ் வேணுமின்னீங்களே, அந்தச் சிலிண்டரு எங்கீங்க நிக்கும்?"

"கீழ ஒரு கூண்டு."

"அடுப்படிச் சிலிண்டரு நுழையற அளவுங்களா?"

"ரெண்டும் ஒரே அளவுதான்."

"அப்படீங்களா," என்று அம்மா வாயைப் பிளந்தாள். பல்லாங்குழியில் எல்லாக் குழியையும் வாரிக்கொண்டு தோற்ற மாதிரி முகம் வைப்பாளே, அந்த முகம். எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

உயரம் அளக்கும்போது அப்பாவின் இடுப்பு நிமிரவில்லை. "நீ நில்லு புள்ள," என்று அம்மாவின் இடுப்புக்கு அளந்து வெட்டினார்.

அதற்குப் பிறகு அப்பாவின் கை நிற்கவில்லை. லாரி கட்டின கை. பக்கவாட்டில் தாமரைப் பூ, சக்கரத்துக்குப் பின்னால் மட்கார்டு, தொங்கவிட ஜிகினா, இருட்டில் வேலை செய்ய ஒரு லைட், அமுக்கினால் 'பொய்ங்' என்கிற ரப்பர் ஹாரன். காளியப்பன் மாமா இருமிக்கொண்டே வந்து எட்டிப் பார்த்தார். அவர் வீட்டு கேட் ஆர்டர் அந்தரத்தில் தொங்கியது.

"மேஸ்திரி, இது வண்டிங்களா, தேருங்களா?"

"வெல்டிங் வண்டிங்க."

"என்ற கேட்டு?"

"வண்டி ஓடட்டும். அப்புறம் உங்க கேட்டு தானா ஓடி வரும் பாருங்க."

கடைசியில் நெற்றிப் பலகை. 'பூபதி வெல்டிங் ஒர்க்ஸ்' என்று எழுதச் சொல்லி என் கையில் பிரஷ்ஷைக் கொடுத்தார் அப்பா. அம்மா காபியோடு வந்தாள்.

"ஏனுங்க, உங்களுக்கு இப்ப அஷ்டமத்துச் சனியல்லங்க?"

அப்பா என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

இதை வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கத்தில் லாரி வாங்குகிறவருக்கு ராசி சரியில்லையென்றால் மனைவி பேரில் வாங்குவார். பேர் நெற்றியில் ஏறும். பட்டறைக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் இதைப் பாடம் எடுப்பவரே அப்பாதான். "நெத்தில ஆரு பேரோ, வண்டி அவிங்களுது. அவிங்க ராசிலதான் ஓடும்." ஒரு ஓனர் சிரித்தாராம். அவர் வண்டி வாழப்பாடி தாண்டுவதற்குள் டயர் வெடித்ததாம். இதையும் சேர்த்துச் சொல்வார்.

"உன்ற ராசி எப்படி?" என்றார் அம்மாவிடம், மெதுவாக.

"எனக்கு இப்ப தொட்டதெல்லாம் தொலங்குமாமுங்க."

நெற்றியில் 'சித்ரா' என்று நான்தான் எழுதினேன். மஞ்சளில், சிவப்பு நிழல் கொடுத்து. அப்பாவின் பேரை மட்கார்டுக்குப் பின்னால், சேறு படுகிற இடமாகப் பார்த்துச் சின்னதாக எழுதிவைத்தேன். அது என் சொந்தக் குசும்பு.

சனிக்கிழமை சாயங்காலம் பூஜை. நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம், நெற்றிக்கு மாலை, ஒரு பூசணிக்காய். புது வண்டியின் முதல் ஓட்டம் கோயிலுக்குப் போய்த் திரும்ப வேண்டும், ஓனர்தான் கொண்டுபோக வேண்டும் என்பது பட்டறை வழக்கம்.

"ஓனரம்மா, தள்ளுங்க," என்றார் அப்பா, பட்டறையில் சொல்கிற அதே தோரணையில்.

அம்மா பெரிய கூடை ஒன்றைத் தூக்கி வண்டியில் வைத்தாள். மேலே வாழைப்பழமும் ஊதுபத்தியும் தெரிந்தன. "போயிட்டு வந்தர்றேனுங்க."

எலுமிச்சம்பழம் நசுங்கியது. வண்டி சத்தமே இல்லாமல் போனது. அப்பா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். டீ ஆறியது. தெருவிளக்கு எரிந்தது. வண்டி வரவில்லை.

"சக்கரம் கழண்டிருச்சாட்ட இருக்குது. வாடா." ஸ்பேனரை எடுத்துக்கொண்டு ஓடினார். பின்னால் நானும்.

பஸ் ஸ்டாப்பில் கூட்டம். விபத்து என்றே நினைத்தோம். கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே போன அப்பாவின் கையிலிருந்து ஸ்பேனர் விழுந்தது.

ஆறு டப்பாவிலும் கேரட், பீட்ரூட், வெங்காயம், மல்லித்தழை, சிவப்புச் சட்னி, பச்சைச் சட்னி. கூண்டுக்குள், அளவு பார்க்கிறேன் என்று அம்மா காலையில் வைத்த அடுப்படிச் சிலிண்டர். மிசின் உட்கார வேண்டிய இடத்தில், கூடைக்குள் ஒளிந்து வந்த அடுப்பு. அடுப்பில், செட்டுக்கு நடுவில் வைக்க முட்டை வெந்துகொண்டிருந்தது. கூரைக்குக் கீழே லைட் வெளிச்சத்தில் அம்மா நின்றாள். நடுவில் ஒருமுறை ஹாரனை அமுக்கினாள். பொய்ங்.

இந்த வீட்டில் ஏமாற்று இலாகா என்னிடம்தான் இருக்கிறது என்று இத்தனை நாளாய் நம்பியிருந்தேன். என் கையாலேயே கடைக்கு போர்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

"சித்ரா," என்றார் அப்பா.

"வாங்க."

"இது வெல்டிங் வண்டி."

"ஆமாங்க."

"இதுல நீ என்ன பண்ற?"

"வண்டி இருந்தாப் போட்டுக்கன்னீங்க. போட்டுட்டனுங்க."

"வண்டி என்னுது."

கூட்டம் மெல்லுவதை நிறுத்தியது. அப்பாவிடம் பாடி கட்டின லாரி டிரைவர் மாரி, கையில் தட்டோடு குனிந்து நெற்றிப் பலகையைப் படித்தார்.

"சித்ரான்னு போட்டிருக்குதுங்களே மேஸ்திரி?"

அப்பா வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. திறந்த வாய் அப்படியே நின்றது.

குரல் இல்லாத ஒரு வாய், வாய் இல்லாத ஒரு குரல். இப்படியொரு சந்தர்ப்பம் மறுபடி வராது. அப்பாவின் முதுகுக்குப் பின்னால் குனிந்துகொண்டு, அவர் குரலில் காலி டிரம்மை உருட்டிவிட்டேன்.

"நெத்தில ஆரு பேரோ, வண்டி அவிங்களுது. சொன்னாச் சொன்னதுதான். மேஸ்திரி வாக்கு."

"மேஸ்திரின்னா மேஸ்திரிதானுங்க," என்றார் மாரி. "ஊருக்கொரு நாயம், தனக்கொரு நாயம்னு இல்ல பாருங்க. ஓனரம்மா, இன்னொரு முட்டை செட்டு."

யாரோ அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். காளியப்பன் மாமா இருமாமல் ரெண்டாவது செட் வாங்கினார். அப்பாவின் வாய் இன்னும் திறந்தபடியே இருந்தது. அம்மா அதில் ஒரு செட்டை வைத்தாள். வாய் மூடியது. மென்றது. கண் விரிந்தது. அது வேறு அதிர்ச்சி.

"நல்லாருக்குதுங்களா?"

"அப்ப என்ற மிசினு?" என்றார் வாய் நிறைய. "காளியப்பன் ஊட்டு கேட்டு நிக்குது. மிசினை எதுல உருட்டறது?"

"உங்களுக்கும் ஒரு வண்டி இருக்குதுங்க. ஊட்ல போய் அந்தச் சாக்கை எடுத்துப் பாருங்க."

போனோம். ஷெட்டு மூலையில் சாக்கை இழுத்தேன். மிசின் அடுப்படி சிலிண்டர் தள்ளுகிற வட்ட ஸ்டேண்டின் மேல் உட்கார்ந்திருந்தது. குட்டிச் சக்கரம் வைத்த அதே ஸ்டேண்ட். அளவெடுத்துச் செய்த மாதிரி பொருந்தியிருந்தது. அப்பா கால் கட்டைவிரலால் லேசாகத் தொட்டார். மிசின் வழுக்கிக்கொண்டு ஷெட்டைத் தாண்டி, வாசலைத் தாண்டி, கேட்டோரம் போய் நின்றது.

அங்கே பொய்ங் என்று சத்தம் கேட்டது. அம்மா காலி டப்பாக்களோடு வந்திருந்தாள்.

"இதை எப்பப் புள்ள வெச்ச?"

"தூக்க மாட்டேன்னு சோத்துல கைய வெச்சுட்டுச் சொன்னீங்களே. அன்னிக்குச் சாயங்காலமேங்க."

அப்பா மிசினைப் பார்த்தார். தேர் மாதிரி ஜொலிக்கிற வண்டியைப் பார்த்தார். அம்மாவின் மெலிந்த கையைப் பார்த்தார்.

"அத்தன கனத்த ஒத்தையா எப்படித் தூக்குன?"

"சிலிண்டர் கனம்னு நீங்கதானுங்களே சொன்னீங்க," என்றாள் அம்மா. "இந்த ஊட்ல மாசாமாசம் சிலிண்டர் தூக்கறது ஆருங்க?"