துப்பாக்கி சாரும் கறுப்புத் தர்பூசணியும்

வால்நட்சத்திரத்தின் மேல் எவ்வளவு சூடு என்று கணக்குப் போட்டு உலகத்துக்குச் சொன்னவன் நான். சரி, பொய். கணக்குப் போட்டவர் துப்பாக்கி சார். நான் கொடுத்தது ஒரு தர்பூசணி. அதுவும் அடியில் கொஞ்சம் நசுங்கியது. விற்காது என்று தெரிந்துதான் அவ்வளவு தாராளம்.

திண்டிவனம் தாண்டி விழுப்புரம் போகிற ரோட்டோரம் என் பழக்கடை. சித்திரை மாதத்தில் அங்கே நாய்கூட லாரி நிழலோடு நகர்ந்து நகர்ந்து படுக்கும். பூமியில் பிறந்த மனிதர்களிலேயே அந்த வெயிலை விரும்பி, நிழலில் கிடந்த ஸ்டூலைத் தூக்கி வெளியே போட்டு உட்கார்ந்தவர் துப்பாக்கி சார் ஒருவர்தான்.

கொரோனா சமயத்தில் நெற்றிக்கு நேரே நீட்டி ஜுரம் பார்ப்பார்களே, அந்த மாதிரி ஒரு துப்பாக்கி எப்போதும் அவர் கையில் இருக்கும். இது அடுப்புச் சூட்டைக்கூடக் காட்டும். தார் ரோட்டைச் சுடுவார், பஸ் பானெட்டைச் சுடுவார். ஒருநாள் என் வழுக்கையைச் சுட்டார்.

"அண்ணே, உங்க மண்டை தார் ரோட்டவிட கம்மிதான்."

"உள்ள ஒண்ணும் கெடையாது சார். காத்தோட்டமா இருக்குது."

மடியில் லேப்டாப். அதில் ஒரு உருண்டை, ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் நீலம். அதன் மேல் ஈரத்துண்டைப் போர்த்திக்கொண்டு, தானும் தலையை உள்ளே விட்டுக்கொண்டு பார்ப்பார். ஆவி பிடிக்கிறார் என்று நினைத்து ஒரு லாரி டிரைவர் தைலம் கொடுத்துவிட்டுப் போனார்.

"இன்னா சார் அது, போண்டாவா?"

"வால்நட்சத்திரம்ணே. சூரியன் பக்கத்துல வரப்போவுது. எவ்ளோ கருப்பு, எவ்ளோ வேகமா சுத்துது, சூடு உள்ள எறங்க எவ்ளோ நேரமாவுது, எல்லாம் குடுத்தா போதும். மேல எங்கெங்க எவ்ளோ சூடுன்னு இந்த சாஃப்ட்வேரு சொல்லிடும்."

"கரெக்டா தப்பான்னு யாரு போயி தொட்டுப் பாக்கறது?"

"அதாண்ணே பேஜாரு. எங்க மேடமும் அதையேதான் கேக்குறாங்க."

சென்னையில் இருக்கிற அந்த மேடத்திடம்தான் அவர் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். முதலில் கைக்கு எட்டுகிற ஒரு பொருளின் சூட்டை உன் சாஃப்ட்வேர் சரியாகச் சொல்லட்டும், அப்புறம் வால்நட்சத்திரக் குழுவில் சேர்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டாராம். தவறினால் விழுப்புரத்தில் அப்பாவின் அரிசி மில்தான் கதி. அப்பா அங்கே மகனுக்கு நாற்காலியே வாங்கிப் போட்டுவிட்டார்.

கைக்கு எட்டுகிற பொருளாக என் பழம் மாட்டியது. அடுப்புக்கரியைப் பசையில் குழைத்து அதன் மேல் பூசினார். பக்கத்து ஹோட்டலில் கோழியைச் சுற்றுகிற பழைய மோட்டாரை வாங்கி வந்து, ஒரு பேட்டரியில் மாட்டி, பந்தல் கழியில் கட்டி, பழத்தை வலையில் தொங்கவிட்டார். விடிந்ததிலிருந்து அது மெல்லச் சுற்றியது. வெயில் ஏற ஏற அவர் சுடுவார், லேப்டாப்பைப் பார்ப்பார், சிரிப்பார். மேலே கொதித்த சூடு கணக்கோடு ஒத்துப்போயிற்று. உள்ளே எவ்வளவு என்பதுதான் பாக்கி.

"இப்பவே அறுத்துடலாமே சார்?"

"பொழுது சாய்ற வரைக்கும் சுத்தணும்ணே. குழுவுல யார் யாருன்னு ராத்திரி மேடம் பேரு குடுக்கறாங்க. இது ஒண்ணுதான் நம்ம கையில இருக்குது. பாத்துக்கங்க, ஜல்தியா சார்ஜ் போட்டுக்கினு வந்துடறேன்." லேப்டாப்போடு எதிர் டீக்கடைக்குப் போனார்.

அந்த நேரம் பார்த்து, மயிலம் கோயிலில் பூஜை போட்ட புது லோடு வண்டி ஒன்று வந்து நின்றது. டிரைவருக்கு நான் பழம் வெட்டிக்கொண்டிருந்தேன். வண்டிக்காரம்மா பந்தலைச் சுற்றிப் பார்த்தார். வெயிலில் கன்னங்கரேல் என்று ஒன்று தொங்குகிறது, தானாகச் சுற்றவும் செய்கிறது. இதைவிடப் பெரிய திருஷ்டிக் காய் உலகத்தில் எங்கே கிடைக்கும்? நான் நிமிர்வதற்குள் வலையோடு அவிழ்த்து, மேலே சூடம் ஏற்றி, வண்டியைச் சுற்றி முடித்துவிட்டார்.

"அம்மா, அது வால்நட்சத்திரம்மா."

"எதுவா இருந்தா இன்னாப்பா, திருஷ்டி போனா சரி" என்று நடுரோட்டில் போட்டு உடைத்தார்.

எதிர்ப்பக்கம் சார் நின்றுகொண்டிருந்தார். அழப்போகிறார் என்று தோளிலிருந்த துண்டை எடுத்துத் தயாராக வைத்துக்கொண்டேன். அவரோ ரோட்டில் பாய்ந்து மண்டியிட்டு, சட்டைப்பையிலிருந்து கம்பி மாதிரி ஒரு தெர்மாமீட்டரை எடுத்துச் சிவப்புச் சதையில் குத்தினார். பின்னால் பஸ் ஹாரன் அடித்தது. கண்டக்டர் எட்டிப் பார்த்தார்.

"யோவ், பழத்துக்கு ஜுரமாய்யா?"

"கொஞ்சம் இருங்க சார், சூடு ஓடிப்போயிடும்."

வண்டிக்காரம்மாவுக்குப் பயம் வந்துவிட்டது. "இன்னா தம்பி, எங்க திருஷ்டி எவ்ளோ இருக்குது?"

"முப்பத்திமூணும்மா."

லேப்டாப்பைத் திறந்து, சாயங்காலத்துக்குப் பதில் இந்த நேரத்தைக் கொடுத்தார். சாஃப்ட்வேர் முப்பத்திரண்டு என்றது. அங்கேயே மேடத்துக்குப் போன் போட்டார்.

"ஒரு டிகிரிதான் வித்தியாசமா? அந்த ஒண்ணு எப்படி வந்துது?"

சார் வண்டிக்காரம்மாவைப் பார்த்தார். "மேல சூடம் ஏத்திட்டாங்க மேடம்."

போனில் சிரிப்புக் கேட்டது. "சூடத்தையும் கணக்குல சேத்து அனுப்புங்க. உங்க பேரைப் போட்டுடறேன்."

அதன் பிறகுதான் அவர் நிழலுக்கு வந்தார். கோடை முழுக்க என் கடையில் கிடந்தவர் ஒரு துண்டுகூடச் சாப்பிட்டதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நல்ல பழமாகத் தட்டிப் பார்த்து வெட்டிக் கொடுத்தேன். கடித்துவிட்டு, விதையைத் துப்பாமல் என்னையே பார்த்தார். பார்த்துவிட்டு...

இருங்கள், வீட்டுக்காரம்மா கூப்பிடுகிறாள். "யோவ், லோடு வந்து நிக்குது. கதை பேசிக்கினு இருக்கியா?"

போகிறேன். ஆள் இப்போது வெயிலே இல்லாத ஏதோ ஒரு குளிர் ஊரில் வால்நட்சத்திரம் பார்க்கிறார். லீவில் வருகிறேன் என்று போன் பண்ணியிருக்கிறார். இறக்குகிறவன் நல்ல பழத்தையெல்லாம் கண்டவனுக்கும் கொடுப்பதற்குள், நசுங்காததாகப் பார்த்து ஒன்றை ஒதுக்கி வைக்க வேண்டும்.