இருபத்தெட்டாம் தேதி வரை விழக் கூடாத பல்

இயேசு மரி சூசை துணை

சான் மாத்தியாஸ்
அக்டோபர் 14, திங்கட்கிழமை

கனடா தேசத்தில் கண்ணாடிக் கொட்டகைக்குள் தக்காளி பறிக்கும் என் தங்கச்சி அம்பாரோவை, ஆண்டவரும் அவரைப் பெற்ற குவாதலூப்பே மாதாவும் அந்த ஊர்க் குளிரிலிருந்து காப்பார்களாக. இங்கே நான், உன் அத்தான் பால்தமேரோ, உன் மகள் சித்லாலி, கோழிகள் ஆறு, எல்லோரும் சுகம். என் முட்டி இரண்டு மட்டும் சுகமில்லை. அதற்குக் காரணம் நீதான். படித்துக்கொண்டே வா, சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ கடை போனில் கூப்பிட்டு, முதலாளி இன்னும் இரண்டு மாதம் இருக்கச் சொல்கிறார், என்ன செய்யட்டும் அக்கா என்று கேட்டாய். நான் "ம்" என்று மட்டும் சொன்னேன். நீ அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாயோ என்னவோ. பிள்ளை என் இடுப்பை ஒட்டிக்கொண்டு போன் வயரை விரலில் சுற்றியபடி நின்றாள். கடைக்காரி நியேவெஸ் சோப்பை அடுக்குகிற மாதிரி ஒரே சோப்பை நாலு தடவை அடுக்கினாள். அங்கே நான் என்னத்தைப் பேச. அதனால்தான் கடிதம். சேதி ஒன்றுதான். முதலாளியிடம் முடியாது என்று சொல்லிவிட்டு, முன்னே சொன்னபடி இந்த மாதம் இருபத்தெட்டாம் தேதி பஸ்ஸில் நீ வந்து இறங்க வேண்டும். பல் தயாராக இருக்கிறது.

எந்தப் பல் என்று கேட்காதே. மே மாதம் பஸ்ஸில் ஏறும்போது, அழுத பிள்ளையைச் சமாதானப்படுத்த, "உன் முதல் பல்லு விழும்போது அம்மா பக்கத்துல இருப்பேன்டி தங்கம்" என்று சொன்னது நீ. சொல்லிவிட்டு நீ ஏறிப் போய்விட்டாய். கீழே நின்றது நான். செப்டம்பர் முதல் வாரம், கீழ் வரிசையில் நடுப்பல் ஆடத் தொடங்கியது. பிள்ளை அன்றைக்கே வாயைக் கையால் பொத்திக்கொண்டு வந்து, "பெரியம்மா, இது இப்ப விழக் கூடாது, அம்மா வரணும்" என்றாள். நான் என்ன செய்வேன். உடன்பிறந்தவள் கொடுத்த வாக்கு என் வாக்கு இல்லையா. விழாது கண்ணு, நான் பார்த்துக்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

சொன்ன கையோடு பல்வலிக்காரர்களின் பாதுகாவலி புனித அப்பொலோனியா படத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றினேன். தினமும் காலையில் முட்டி போட்டு ஒரு முழு ஜெபமாலை. பல் இருபத்தெட்டு வரை தாங்கினால் கோயில் வாசலில் இருந்து பீடம் வரை முட்டியாலேயே நடப்பதாக நேர்ந்துகொண்டேன். உன் அத்தானுக்குப் பொறுக்கவில்லை. "ஒரு நூலு, ஒரு கதவு, அரை நிமிஷம். இதுக்குப் போய் எதுக்குடி வானத்துல இருக்கிறவங்களத் தொந்தரவு பண்ற?" என்றார். அன்றைக்கே வீட்டில் இருந்த நூல்கண்டை எல்லாம் எடுத்துப் பூட்டிவிட்டேன். அவர் சட்டையில் இப்போது மூன்று பித்தான் இல்லை. இருக்கட்டும்.

சாப்பாடு எல்லாம் மெத்தென்றுதான். சோளக் கஞ்சி, மசித்த பீன்ஸ், இலையில் சுற்றிய கொழுக்கட்டை. நடுவில் பக்கத்து வீட்டு ரமோனா பிள்ளைக்குப் பிறந்தநாள் வந்தது. மிட்டாய்ப் பானை உடைக்கிற வீடு, நாற்பது பிள்ளைகள், கையில் கம்பு. போகாதே என்றால் அழுகிறாள். சரி என்று என் கறுப்புக் கைக்குட்டையைத் தாடைக்குக் கீழே கொடுத்து உச்சந்தலையில் முடிச்சுப் போட்டுக் கூட்டிக்கொண்டு போனேன். வாசலிலேயே ரமோனா சிலுவை போட்டுக்கொண்டாள். "ஏன்டி எவுலாலியா, பொணத்துக்குக் கட்டுற மாதிரி கட்டியிருக்க, புள்ளைக்கு என்ன ஆச்சு?" என்றாள். பல்லுக்கு என்றேன். "வாயக் கட்டணும்னா உனக்குல்ல கட்டியிருக்கணும்" என்றாள். பிறந்தநாள் வீடாச்சே என்று பதில் சொல்லாமல் விட்டேன். ஆனால் மனசில் வைத்திருக்கிறேன்.

அடுத்த வாரம் பார்த்தால் ஆடுகிற பல்லுக்குப் பின்னாலேயே புதுப் பல் ஒன்று வெள்ளையாக எட்டிப் பார்க்கிறது. பல் டாக்டரிடம் ஓடினேன். அவர் பார்த்துவிட்டு, "இது விழுற பல்லும்மா, தானா விழட்டும், புள்ள நாக்கால ஆட்டிக்கிட்டே இருந்தாப் போதும்" என்றார்.

"ஆட்டக் கூடாது டாக்டர். இருபத்தெட்டு வரைக்கும் நிக்கணும். பசை மாதிரி ஏதாவது இருந்தாத் தடவி விடுங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "இருபது வருஷமா பல்லு புடுங்குறேன். பால் பல்லை விழாமக் காப்பாத்துங்கன்னு யாரும் வந்ததில்லம்மா."

"இப்ப வந்திருக்கேன்ல."

பசை தரவில்லை. உப்புத் தண்ணீர் கொப்பளிக்கச் சொன்னார். வரும்போது கொஞ்சம் பயந்துதான் கதவைத் திறந்துவிட்டார் என்று நினைக்கிறேன்.

எலி விஷயமும் இருக்கிறது. குதிரில் மக்காச்சோளத்தைத் தின்கிற எலிகளுக்கு நான் பொறி வைத்ததைப் பிள்ளை பார்த்துவிட்டாள். "பெரியம்மா, எலியெல்லாம் செத்துட்டா தலையணைக்கு அடியில இருந்து என் பல்லை எடுத்துட்டு யாரு காசு வைப்பாங்க?" என்று ஒரே அழுகை. நியாயம்தானே. பொறியை எடுத்துவிட்டேன். பூனையைக் கொழுந்தனார் வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். இப்போது எலிகள் பகலிலேயே சம்பந்தி வீட்டார் மாதிரி வந்து போகின்றன. சித்லாலியும் காலையில் எழுந்ததும் முதல் வேலையாகக் குதிருக்குப் போய்க் குனிந்து நிற்கிறாள். என்னடி என்றால் எலிக்குக் காலை வணக்கமாம்.

இதெல்லாம் சும்மா போகவில்லை. கேள். போன வியாழக்கிழமையில் இருந்து பல் ஆடவே இல்லை. தினமும் ஜெபமாலை முடித்து டார்ச் அடித்துப் பார்க்கிறேன். கம்பம் நட்ட மாதிரி நிற்கிறது. கொஞ்சம் மஞ்சள் தட்டியிருக்கிறது, ஒரு நாள் கொஞ்சம் தடித்தும் ஒரு நாள் மெலிந்தும் தெரிகிறது, அது என் கண் கோளாறு. புனிதை தன் கையாலேயே அழுத்தி வைத்திருக்கிறாள், அதில் சந்தேகமில்லை. ஆண்டவர் சந்நிதியில் இவ்வளவு நடந்த பிறகு, முதலாளி கேட்டார், தக்காளி பழுத்தது என்று நீ எனக்குக் காரணம் சொல்லக் கூடாது. பல் தன் வாக்கைக் காப்பாற்றிவிட்டது. இனி நீ.

மாதா படம் தைத்த உத்தரியத்தைக் கழுத்தில் இருந்து கழற்றாதே, குளிக்கும்போதும். இரண்டு காலுறை போட்டுக்கொள். நம் அம்மா அப்பா ஆன்மாக்களுக்கு இந்த வருஷம் கல்லறைத் திருநாளில் நீயே வந்து பூ வைக்க வேண்டும். சகல பரிசுத்தவான்களும் உன்னைக் கைப்பிடித்துப் பஸ்ஸில் ஏற்றுவார்களாக.

உன் அக்கா
எவுலாலியா

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போனேன், பிள்ளையும் கையெழுத்துப் போடட்டும் என்று முற்றத்துக்குக் கூப்பிட்டேன். வந்தாள், தும்மினாள். பல் தெறித்துத் தரையில் விழுந்தது. நான் குனிவதற்குள் சாம்பல் நிறக் கோழி ஒரே கொத்தாகக் கொத்தி விழுங்கிவிட்டது. ஒரு மாத ஜெபம் கோழி வயிற்றில். கழுத்தைப் பிடித்துவிட்டேன், கத்தியையும் எடுத்துவிட்டேன். பிள்ளை ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "கோழிய விட்டுடுங்க பெரியம்மா, அது சோளம்" என்றாள்.

சோளம்தான் அம்பாரோ. வியாழக்கிழமையே பள்ளிக்கூடத்தில் பல் விழுந்துவிட்டது. அன்றிலிருந்து தினமும் காலையில் குதிரில் இருந்து ஒரு சோள மணி எடுத்து ஓட்டையில் செருகிக்கொண்டிருக்கிறாள். நான் நாலு நாளாக முட்டி தேய மன்றாடியது சோளத்துக்கு. உன் அத்தான் சிரித்த சிரிப்பில் மிச்சமிருந்த பித்தானும் போயிற்று.

நிஜப் பல் தீப்பெட்டியில் இருக்கிறது. ஏன்டி சொல்லலை என்று கேட்டேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு, "அம்மா பல்லுக்காகத்தானே வர்றாங்க. விழுந்துடுச்சுன்னு தெரிஞ்சா அங்கயே இருந்துடுவாங்கல்ல" என்றாள். ஒரு மாதமாக நானும் அப்படி நினைத்துத்தானே நடந்துகொண்டேன். மேலே எழுதியதும் அதேதான்.

ஆகையால் மேலே உள்ளதை எல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள். பல் இல்லை. காட்டி உன்னைக் கூப்பிட என்னிடம் ஒன்றும் இல்லை. அது விழுந்தபோது நீ பக்கத்தில் இல்லை, அதை இனி யாரும் ஒட்ட முடியாது. ஆனாலும் வா. முதலில் வருகிறேன் என்று உன் கையால் ஒரு வரி எழுதிப் போடு. நீ வருவாய் என்று நான் சொல்லிப் பார்த்தேன், பிள்ளை நம்பவில்லை. பெரிய எழுத்தாக எழுது, அவளே படிக்க வேண்டும். பக்கத்துப் பல்லும் லேசாக ஆடுகிறது, அதற்கு நான் யாரிடமும் எதுவும் நேர்ந்துகொள்ளவில்லை.

கோழிகள் ஆறும் சுகம்.