நாற்பதுக்கு நாற்பது

தானே பரீட்சை வைத்து, தானே எழுதி, தானே திருத்தி முழு மார்க் போட்டுக்கொள்கிறவனைவிட ஆபத்தான முட்டாள் கிடையாது. மலைமேல் செம்மேட்டில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தபோது நான் அப்படிப்பட்டவன்.

அறுபதுகளின் தொடக்கம். வெளிநாட்டில் இயந்திரம் செஸ் ஆடுகிறது என்று படித்தேன். மலையில் இயந்திரத்துக்கு எங்கே போவது? (மின்சாரமே இல்லை.) காகிதத்தில் விதிகளை எழுதினேன். எதிரி ராஜாவுக்கு செக் வைத்தால் இத்தனை மார்க், காயை வெட்டினால் இத்தனை. அதிக மார்க் வாங்கும் நகர்த்தலைத்தான் ஆட வேண்டும். காய் நகரும் விதம் மட்டும் தெரிந்தால் போதும், ஆடிப் பழகாதவர்கூடக் கூட்டிப் பார்த்து ஆடலாம்.

சோதித்துப் பார்க்க, பத்திரிகைகளில் வந்த நாற்பது செஸ் புதிர்கள் வைத்திருந்தேன். முதலில் பதினொன்றுதான் தேறின. ராணியைப் பலி கொடுத்தால் இருபது மார்க் என்று ஒரு விதி சேர்த்தேன். முப்பத்து மூன்று தேறின. அங்கே ஒன்று கூட்டி, இங்கே இரண்டு குறைத்து, அதே புதிர்களில் திரும்பத் திரும்பச் சோதித்து, நாற்பதுக்கு நாற்பது வாங்கினேன்.

அப்போதுதான் பள்ளியைப் பார்வையிட அதிகாரி வந்தார். மதியச் சாப்பாடு எங்கள் வீட்டில். என் மனைவி சரசுவுக்கு மலைக்குளிரில் இழுப்பு. மூச்சு விடவே திணறுவாள். கீழே மாற்றல் கேட்டு மனுவை நீட்டினேன். அவரோ செஸ் பைத்தியம். என் காகிதத்தைப் பற்றி யாரோ சொல்லியிருந்தார்கள்.

"உங்க காகிதம் என்னைய ஜெயிச்சா ராசிபுரத்துக்கு மாத்தல் போட்டுத் தாரேன், வாத்தியாரே. தோத்தா அடுத்த வருசம் பேசிக்கலாங்க."

"நான் கையே வைக்க மாட்டேனுங்க. இவளே கூட்டி ஆடட்டும்" என்றேன். (வாய் சும்மா இருந்தால்தானே.)

மூன்றாவது நகர்த்தலிலேயே சரசு நிமிர்ந்தாள். "ஏனுங்க, ராணிய வச்சு அவிக சிப்பாய வெட்டுனா இருவத்தாறு வருதுங்க. மத்ததெல்லாம் நாலு, அஞ்சுதானுங்க."

பலகையை எட்டிப் பார்த்தேன். "இன்னொருக்கா கூட்டிப் பாரு."

"ரெண்டுதரம் கூட்டிட்டேனுங்க."

"கணக்கு சரின்னா ஆட வேண்டீதுதானுங்களே" என்றார் அதிகாரி.

ராணி சிப்பாயை வெட்டி செக் வைத்தது. அவருடைய ராஜா ஒரு கட்டம் நகர்ந்து ராணியை வெட்டியது. அவர் அதை எடுத்து மோர் டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தார்.

ராணியைக் கொடுத்து ஜெயிக்கிற ஆட்டத்தைத்தான் பத்திரிகைக்காரன் புதிராகப் போடுவான். சும்மா பறிகொடுக்கிற ஆட்டத்தை எவன் அச்சடிப்பான்? இத்தனை கணக்குப் போட்ட மண்டைக்கு அது அப்போதுதான் உறைத்தது.

"நம்மகிட்ட இன்னொரு ராணி இருக்குதுங்களா?" என்றாள் சரசு.

"இல்ல."

"அப்ப எதுக்குங்க குடுக்கச் சொல்லி எழுதுனீங்க?"

அதிகாரி சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது. மனுவை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மலையிறங்கினார். அடுத்த வருடம் வந்தவருக்கு செஸ்ஸும் தெரியவில்லை, என் மனுவும் தெரியவில்லை. நாங்கள் மேலும் ஆறு குளிர்காலம் மலையில் கிடந்தோம்.

போன மாதம் என் ரத்தப் பரிசோதனையில் எல்லாம் சரியாக வந்திருந்தது. பெருமையாகப் படித்துக் காட்டினேன்.

"எல்லாமே சரியா இருக்குதுங்களா?" என்றாள் சரசு. "அப்ப வேற டாக்டரப் பாத்தரலாங்க."

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவளும்தான் சிரித்தாள், பாதிச் சிரிப்பில் மூச்சு இழுத்துக்கொள்ள, சுவரைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டாள்.